விடுபட்டவர்களுக்கு எந்தக் கல்?

தமிழ்நாட்டின் பல கிராமங்களில், ஏதேனும் ஒரு பழைய பொதுச்சுவரில், முதல் உலகப் போரின் நினைவாக ஒரு சிறிய கல் பதிக்கப்பட்டிருக்கிறது. வாசகம் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை ஆண்கள் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள். எண்கள் உண்டு, பெயர்கள் இல்லை.

நூறாண்டுகளில் இக்கற்களில் விரிசல் விழுகிறது. வெள்ளையடிப்பவர்கள் எழுத்தின் மேலேயே அடித்துவிடுகிறார்கள். பழுதுபார்க்க முன்வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை எளியவை. பளிங்கை ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. அது கல்லையே அரிக்கும். பழைய சுவரின் விரிசலைச் சிமெண்டால் அடைக்கக் கூடாது. ஈரம் உள்ளே தங்கி உப்புப் பூக்கும். சுண்ணாம்புக் காரைதான் ஏற்றது. ஆனால் கல்லைச் சரிசெய்யும்போது அதன் கணக்கையும் சரிசெய்யலாமா?

அந்தக் கணக்கு யாருடையது என்று முதலில் பார்ப்போம். ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. 33,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. பேரரசு நம் ஆண்களை எண்ணாக்கியது. நம் பெண்கள் அந்த எண்ணிலும் சேரவில்லை.

நினைவுச்சின்னம் இறந்தவர்களுக்குத்தானே, பெண்கள் எங்கே போரில் இறந்தார்கள் என்று கேட்பார்கள். கல்லை மறுபடி படிக்கச் சொல்வேன். அது இறந்தவர்களை மட்டும் எண்ணவில்லை. போனவர்கள் எல்லோரையும் எண்ணுகிறது. உயிரோடு திரும்பியவரும் அதில் உண்டு. அப்படியானால் அது மதிப்பது சாவை மட்டுமல்ல, போருக்காகச் சுமந்த பாரத்தையும்தான். ஆள் போன வீட்டில் நாற்று நட்டு, கடன் அடைத்து, பிள்ளை வளர்த்து, கடிதம் வருமா என்று காத்திருந்தவள் சுமந்தது எந்தக் கணக்கில் வரும்?

இருந்தும், பழைய கல்லில் புதிய வரி செதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சீரமைப்புக்கு வழிகாட்டும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்ப்பது புதியது என்று தெரிய வேண்டும் என்கிறது. இது கல்வேலைக்கான விதி மட்டுமல்ல, நேர்மைக்கான விதியும்கூட. அந்தக் கல்லின் மௌனம் ஒரு சாட்சியம். அதை நிரப்பிவிட்டால், நம்மை விட்டுவிட்டவர்கள் விடவே இல்லை என்றாகிவிடும்.

அதற்காக அப்படியே துடைத்து மாலை போடுவதும் நடுநிலை ஆகாது. பழைய விடுபடலுக்கு இன்று நாமே கையெழுத்திடுவதாகும். ஆகவே பக்கத்தில் இன்னொரு கல் வேண்டும், நட்ட ஆண்டை வெளிப்படையாகச் சொல்லும் கல். குடும்பங்களின் நினைவிலும் பழைய ஆவணங்களிலும் உறுதியாகக் கிடைக்கும் பெயர்கள் அதில் வரட்டும், ஆண்களுடையதும் பெண்களுடையதும்.

ஒரு தயக்கம் எனக்கும் உண்டு. யாரோ நடத்திய போரின் பெருமையில் பெண்களுக்கும் பங்கு கேட்கிறோமா? இல்லை. போகட்டுமா என்று அந்தப் பெண்களிடம் எந்த அரசும் கேட்கவில்லை. புதிய கல் வீரத்தைப் பாட வேண்டாம். அந்தப் போருக்கு ஊர் கொடுத்த விலையைச் சொன்னால் போதும். அந்த வாசகத்தை எழுத உட்காரும் ஊர்க்கூட்டத்தில் பெண்களும் உட்கார வேண்டும்.