கேட்பது பிச்சையா?

வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனை ஏமாற்றுக்காரன் என்கிறது ஊர். இழப்பு நேர்ந்தால் ஈடு செய்வோம் என்று எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் பிரீமியம் பெற்று, வெள்ளம் வந்து வடிந்த பின்னர் 'இத்தனையாம் விதியின் இத்தனையாம் பிரிவு' என்று காட்டிக் கையை விரிக்கும் நிறுவனத்துக்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது. 'கோரிக்கை ஏற்கத்தக்கதன்று' என்று ஒரு வரி; எவ்வளவு நாகரிகமான வரி!

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் செல்வோர் அங்குள்ள பீங்கான் தொழிற்கூடங்களை அறிவர். களிமண்ணும் அச்சும் சூளையும், அவற்றுக்கெல்லாம் மேலாகக் கைத்திறனுமே அங்கே மூலதனம். அந்த மாவட்டத்தின் நிலையென்ன? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. 2015 இறுதியில் பெருமழை வயலையும் வீட்டையும் ஒன்றாக்கிற்று. 2024 நவம்பர் 30 அன்று புதுவை அருகே பெஞ்சல் புயல். இத்தகைய மண்ணில் தொழில் நடத்துபவன், 'தலையெழுத்து' என்று நெற்றியைத் தடவாமல் காப்பீடு எடுக்கிறான் என்றால், அவன் விதியை விட்டுவிட்டுக் கணக்கை நம்புகிறான் என்பது பொருள். ஆயிரவர் சிறு தொகை போட்டு, அடிபட்ட பத்துப் பேரை நிமிர்த்தும் ஏற்பாடு அது. பகுத்தறிவின் அழகான படைப்புகளுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள்ளும் கடவுள் நுழைந்துவிட்டார். நெடுங்காலம் வழக்கிலிருந்த தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசியில், மின்னல், புயல், வெள்ளம் முதலியவற்றுக்குக் 'கடவுளின் செயல்' என்பது பெயர். அவற்றால் வரும் இழப்பில் முதல் 5 விழுக்காட்டை, குறைந்தது 10,000 ரூபாயை, பாலிசிதாரரே தாங்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. உண்டியல் கோவிலில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தோம்!

பிடித்தம் போகட்டும். பெரிய பூசல் மதிப்பீட்டிலே பிறக்கிறது. சூளைக்குப் போகாத பச்சைப் பாண்டங்கள் அடுக்கியிருக்கும் கூடத்தில் வெள்ளம் புகுந்தால் என்ன மிஞ்சும்? சேறு. மண் மீண்டும் மண்ணாயிற்று, ஆகவே இழப்பு மண்ணின் விலை மட்டுமே என்று மதிப்பீட்டாளர் எழுதினால், குழைத்த கையும் வார்த்த நாளும் கொடுத்த கூலியும் எந்தக் கணக்கில் சேரும்? உழைப்பைப் பொருளாகக் காணாத கண் அது. சர்வேயர் எழுதியது பிரம்மன் எழுதியது அன்று. அந்த அறிக்கை இறுதியானதோ மீற முடியாததோ அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே, நியூ இந்தியா நிறுவனத்துக்கும் பிரதீப் குமாருக்கும் நடந்த வழக்கில் கூறிற்று.

மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். எரியாத சரக்கை எரிந்ததாக எழுதுவோர் உண்டு. பத்து இலட்சம் பெறும் கூடத்தைப் பிரீமியம் குறையட்டும் என்று ஐந்து இலட்சமாகக் காட்டுவோரும் உண்டு; அவர்களுக்கு இரண்டு இலட்சம் இழப்பு நேர்ந்தால், சராசரி விதிப்படி ஒரு இலட்சமே கிடைக்கும். அதில் அநீதி இல்லை. நிதி பலருடையது, பொய்யனுக்குப் போகும் ஒவ்வொரு காசும் உண்மையானவன் பையிலிருந்து போவது. எனவே விசாரிப்பது குற்றமன்று. பணம் வாங்கும் நாளில் மூடியிருந்த கண், கொடுக்கும் நாளில் மட்டும் திறப்பது அறமாகுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி பழையது. சுமத்ராத் தீவின் மார்ல்பரோ கோட்டை ஆளுநர் கார்ட்டர், பகைவர் அதைக் கைப்பற்றினால் ஈடு பெறக் காப்பீடு செய்திருந்தார். 1760-ல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்தது. 'கோட்டையின் வலுவின்மையை மறைத்துவிட்டார்' என்றார் காப்பீட்டாளர் போம். 1766-ல் நீதிபதி மான்ஸ்பீல்டு அதை ஏற்கவில்லை. நல்லெண்ணக் கடமை இருவருக்கும் உரியது. தாம் அறிந்ததையும், அறிந்திருக்க வேண்டியதையும் 'சொல்லவில்லை' எனக் காட்டித் தப்ப முடியாது என்பது அவர் கருத்து. தீர்ப்பு கார்ட்டருக்குச் சாதகம்.

இங்கே 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. கடை இருந்தது தரையடித் தளத்தில். நேரில் வந்து பார்த்தனர், பாலிசி கொடுத்தனர், பணமும் பெற்றனர். தீப்பிடித்ததும் 'தரையடித் தளத்துக்குக் காப்பு இல்லை' என்ற பிரிவை நீட்டினர். ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்கும் அத்தகைய பிரிவு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 256 ஆண்டுகள் கழித்து, அதே பாடம்!

தனியார் மட்டுமே இப்படி என்று எண்ணி விடாதீர்கள். பொதுக் காப்பீடு 1973 சனவரி முதல் நாட்டுடைமையாயிற்று; மகிழ்ந்தோம். ஆயினும் மேலே சொன்ன 2009 வழக்கில் எதிர்நின்றது பொதுத்துறை நிறுவனமே. 1999-ல், 'முழுத்தொகையும் பெற்றேன்' என்ற சீட்டில் கையெழுத்திட்டு விட்டார் என்று வாதாடியதும் பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியாதான். வற்புறுத்தலாலோ வஞ்சனையாலோ பெற்ற கையெழுத்து வழக்குரிமையைப் பறிக்காது என்று அவ்வழக்கில் தீர்ப்பாயிற்று. அந்தக் கையெழுத்து எப்படிப் பிறக்கிறது? வங்கி வட்டி ஓடுகிறது. தொழிலாளருக்குக் கூலி தர வேண்டும். சூளை அணைந்து கிடக்கிறது. பாதித் தொகையாவது வரட்டும் என்று ஒப்பமிடுகிறான். பசியிடம் வாங்கிய சம்மதம் சம்மதமா? தாமதமே இங்கு ஆயுதம். அதனால்தான் மதிப்பீட்டுக்கும் முடிவுக்கும் நாள் குறித்து 2002-லேயே விதி செய்தனர், 2017-லும் 2024-லும் திருத்தி எழுதினர். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் அச்சிட்ட தாளைப் படித்திராதவனுக்கு அந்த நாட்கணக்கு எங்கே தெரியப் போகிறது!

படிப்பகம் நடத்தும் தோழர்கள் இதைச் செய்யலாம். பாலிசியை வாங்கிப் படித்துத் தமிழில் விளக்குங்கள். மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேட்கச் சொல்லுங்கள்; மறுப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் நுழைக்க இயலாது என்று 2019-ல் தீர்ப்பு இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கே முறையீடு. ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, தனி ஆளும் குறுந்தொழில் நடத்துபவரும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையம் வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுகள் உண்டு.