தலைக் கணக்கு

எங்களை அக்கரைக்குக் கொண்டுபோன ஓட்டி, ஒரு காலத்தில் கோயில் பாட்டுக்குழுவில் எனக்கு முன்வரிசையில் நின்றவன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் பேசாலைக் கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் பக்கம் ஓடத் தொடங்கினான். முதல் நடைகளில் காசே வாங்கவில்லையாம். வள்ளத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு தலையிலும் கை வைத்து, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணுவானாம். இருட்டில் ஒரு பிள்ளைகூடத் தவறிவிடக் கூடாதே.

நாங்கள் ஏறியது ஓகஸ்டில். அதற்குள் நேவி சுட்டு அவன் வள்ளத்திலேயே ஆள் போயிருந்தது. கிட்ட வந்தால் சாராயம் மணத்தது. அம்மாவின் காப்பை வாங்கி மடியில் செருகினான். ஒரு தலையையும் தொடவில்லை. அம்மம்மாவைப் பார்த்து, "இந்தக் கிழவி எத்தினை கிலோ வரும்?" என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஓட்டத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. சோளகக் கடல். எங்கே எஞ்சினை அணைப்பது, தீடைகளுக்கு நடுவே எங்கே ஆழம் என்பதெல்லாம் அவன் கைக்கே தெரிந்திருந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான்; அதற்குள் போய்ச் சேராமல் போனவர்களை எங்கள் கரை அறியும். விடியுமுன், "இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ" என்றான். வெளிச்சம் வந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். வெறும் மணல் தீடை. இரண்டு போத்தல் தண்ணீர், நான்கு கைக்குழந்தைகள். மத்தியானம் திரும்பிய பிறகுதான் ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் கண்டு ஏற்றிக்கொண்டார்.

ஒருவரும் சாகவில்லை. சிக்கலே அதுதான். மண்டபம் முகாமில் தொடங்கிய வாதத்தை அண்ணன் இன்னும் விடவில்லை: "நல்ல மனுசன் ஓட்டியிருந்தா நேவியிட்ட மாட்டியிருப்பம். அவன்ர இரக்கம் வத்தினபடியாத்தான் நீ இருக்கிறாய்."

மறைக்கல்வி வகுப்பில் வருடா வருடம் நான் சொல்லிக்கொடுப்பதும் அண்ணன் பக்கம்தான் சாய்கிறது. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபனையில் பயந்து வேதநூலைக் கையளித்த குருமார் செய்த சடங்குகள் செல்லாது என்று வட ஆபிரிக்காவில் தொனாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாதாடினார்கள். புனித அகுஸ்தீனார் மறுத்தார்: ஞானஸ்நானம் கொடுப்பது கிறிஸ்து, குருவானவரின் நடத்தையில் அது தொங்கவில்லை. அப்படியானால் குடிகாரச் சுவாமியார் ஊற்றிய தண்ணீரும் செல்லும். குடிகார ஓட்டி சேர்த்த கரை செல்லாதா?

ஆனால் குருவானவர் தன் விருப்பப்படி எதையும் தீர்மானிப்பதில்லை. சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஓட்டி ஒவ்வொரு நிமிடமும் தீர்மானிக்கிறான், யாரை ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று. கெட்டுப்போனது அவன் கை அல்ல, அவன் எண்ணும் விதம். ஆள் கிலோவாகிவிட்ட பிறகு தீடையே அவனுக்கு இந்தியாதான்.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைக் கடற்கரைக்காரர்கள் வேறு விதமாகத்தான் வாசிப்போம். புயலில் மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து, சிறுபடகில் நழுவப் பார்க்கிறார்கள். பவுல் அவர்களைக் கடலில் தள்ளச் சொல்லவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் ஒருவரும் தப்ப முடியாது என்று நூற்றுவர் தலைவனிடம் சொல்கிறார். படைவீரர்கள் சிறுபடகின் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். கை தெரிந்தவன் வேண்டும், ஓடிப்போகும் வழி மட்டும் அவனிடம் இருக்கக் கூடாது. பவுல் அங்கே ஒரு கைதி, மாலுமிகூட இல்லை. எங்கள் வள்ளத்தில் அப்படி ஒருவர் வாய் திறந்திருக்கலாம். கிலோக் கணக்குக் கேட்டபோதே திறந்திருக்கலாம்.

கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். நழுவப் பார்த்த மாலுமிகளும் அதற்குள் அடக்கம்.

அன்று எங்கள் வள்ளத்தில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் நான் 17 என்பேன். அண்ணன் 18 என்பார்.