இரண்டு படிகள்

சிங்கப்பூர் எண் பூண்ட மோட்டார் வண்டி ஜொகூரில் ரோன் 95 பெட்ரோல் நிரப்பியதென்று கேள்விப்பட்டால், காப்பாரில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதே. பொதுப் பணத்தால் விலை குறைக்கப்பட்ட அந்த எண்ணெய் 2010 முதல் அயல்நாட்டு வண்டிகளுக்குத் தடை.

ஆனால் சகோதரர்களே, நம் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகி, மலேசிய வண்டியை அங்கே ஓட்டுகிறான். கேட்டால், "ஜொகூரில் குடியிருக்கிறேன்" என்கிறான். கெட்டிக்காரன் என்கிறோம்! அங்கே குடியிருப்போர் அயல்நாட்டு வண்டி ஓட்டலாகாது என்பது சட்டம். சிறிய தீவு, 1990 முதல் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும், அதுவும் 10 ஆண்டுக்குத்தான். 2023-இல் அவ்வுரிமை மட்டும் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிற்று. அதைக் கட்டியவனுக்குப் பக்கத்தில் நம் பிள்ளை சும்மா ஓட்டுகிறான்.

மனிதர் வகுத்த சட்டந்தானே, இதில் ஹராம் எங்கே என்பார் சிலர். குடியேற அனுமதி வாங்கியபோது அந்நாட்டுச் சட்டத்துக்கு உடன்பட்டது ஒப்பந்தமில்லையா? லைசென்சை மாற்ற மட்டும் ஓடுகிறோம், அபராதத்துக்கு அஞ்சி. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் கடைக்காரனை நாம் என்னவென்று சொல்வோம்?

சென்ற பெருநாளைக்குப் பிள்ளை அந்த வண்டியில்தான் வந்தான். நாமும் அதில் ஏறிக் கிள்ளான் போய்வந்தோம்; ஒன்றும் கேட்கவில்லை.