தளராத பிடி

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. மகன் ஈசாக்கு பிறந்தபோது 100, மனைவி சாராளுக்கு 90. கடவுள் தந்த வாக்குக்கும் தொட்டிலுக்கும் நடுவே 25 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகள் முழுவதும் அசையாத நம்பிக்கையில் கழிந்ததாக ஆதியாகமம் சொல்லவில்லை. காத்திருந்தவர்கள் சலித்தார்கள். சாராளின் பணிப்பெண் ஆகார் வழியாக ஒரு வாரிசைத் தேடினார்கள். அவளுடைய கண்ணீருக்கும் காரணமானார்கள். வாக்கு மறுபடி வந்தபோது ஆபிரகாம் சிரித்தார். பிறகு சாராளும் உள்ளுக்குள் சிரித்தாள். கேட்டவர்கள் தடுமாறினார்கள், சொன்னவர் தடுமாறவில்லை.

ஐயமே எழாத மனம்தான் நம்பிக்கை என்று எண்ணி, நம்மை நாமே தாழ்த்திக்கொள்கிறோம். உடல் ஓய்ந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அப்போதும் வாக்களித்தவரை விட்டு விலகாதிருப்பதற்குப் பெயர்தான் நம்பிக்கை. வலு உள்ளவரை நம் திறமையை நம்புகிறோம். கடவுளை நம்புவதாகச் சொல்லிக்கொள்கிறோம். வலு தீர்ந்த பிறகுதான் யாரை நம்பினோம் என்பது நமக்கே தெரிகிறது.

பிள்ளைக்காகக் காத்திருந்து, பிள்ளை வராமலே முதுமை வந்துவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே நம்பிக்கை போதவில்லை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஈசாக்கைப் பற்றிய வாக்கு சாராளுக்கே உரியது. அந்த வாக்கைக் காத்தவருடைய உண்மை எல்லோருக்கும் பொதுவானது. நம் பிடி தளரும் நாளிலும் அவர் பிடி தளர்வதில்லை.