உடம்பு அவனுடையது, இடம் எல்லோருடையது

மகனுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து, டயப்பரை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிளே ஸ்கூல் சேர்க்கையில் கேட்கிறார்கள்; மாடிவீட்டில் கேட்கிறார்கள். "எங்க காலத்துல டயப்பர் ஏதும்மா? ஒரு வயசுலயே பழகிடும்" என்கிறார் அத்தை.

அத்தை சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களைச் சற்றே அகட்டி, அதன்மேல் கைக்குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலி எழுப்புவார்கள். வயிற்றுக்குள் பால் போனதும் குடல் தானாக அசைந்துகொடுக்கும். அந்த நேரம் பார்த்து உட்காரவைப்பதில்தான் அவர்கள் கைத்திறன் இருந்தது. பிள்ளையின் நேரத்துக்குப் பெரியவர்கள் பழகியிருந்தார்கள். அதற்கு வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் வேண்டும்.

பிள்ளை தானே பழகுவது வேறு விஷயம். வருகிறது என்று உணர வேண்டும், சொல்ல வேண்டும், இடம் போய்ச் சேரும்வரை அடக்க வேண்டும், சேர்ந்ததும் தசையைத் தளர்த்த வேண்டும். இந்த நான்கும் கூடிவர 18 மாதத்துக்கு மேல் ஆகும்; பலருக்கு மூன்று வயதை நெருங்கும். ஆண்பிள்ளைகள் சற்றுப் பிந்துவது வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசெல்டன், 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவசரப்படுத்தாமல் குழந்தையின் தயார்நிலையைப் பார்த்துப் பழக்கியபோது, பகல்நேரக் கட்டுப்பாடு சராசரியாக 28.5 மாதத்தில் வந்தது என்றார். இரவில் நனைக்காமல் தூங்குவது இன்னும் தாமதமாகும். ஐந்து வயதுவரை அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

என் மகனுக்கு ஆய் வரும்போது கூடத்துத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். துணியை ஒரு கையால் இறுகப் பிடித்திருப்பான். மூக்கு நுனி சிவக்கும். நான் எட்டிப் பார்த்தால் "வராத" என்பான். என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. தனிமை வேண்டும் என்றும் தெரிகிறது. இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. அந்த நேரத்தில் "சீ, நாத்தம்" என்று யாராவது மூக்கைப் பொத்தினால், அவன் கற்றுக்கொள்வது வெட்கத்தைத்தான்.

வெட்கமும் பயமும் வந்தால் பிள்ளை அடக்கத் தொடங்கும். அடக்கிய மலம் இறுகும். இறுகியது வெளிவரும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். நாள்பட்டால் குடலின் கடைப்பகுதி விரிந்து உணர்வு மங்கிவிடும். அப்புறம் தெரியாமலே ஜட்டியில் கசியும். அதைச் சேட்டை என்று அடிக்கிற வீடுகள் உண்டு. அடி அந்த வலியோடுதான் போய்ச் சேரும்.

நம் கையில் இருப்பதைச் செய்யலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் உட்காரவைக்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்குவது கடினம். பாதத்துக்கு ஒரு முக்காலி போடலாம். தண்ணீர், பழம், கீரை கொடுக்கலாம். ஆண்பிள்ளையாக இருந்தாலும் முதலில் உட்கார்ந்தே போகப் பழக்கலாம். அதற்குமேல் முடிவு அவனுடையது. உண்பதையும் உறங்குவதையும் போல, இதையும் யாரும் அவனுக்குப் பதிலாகச் செய்ய முடியாது. தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்று ஒரு பிள்ளை முதன்முதலாக அறியும் இடம் இது. அந்த அறிதலை அவனிடமிருந்து நான் பிடுங்கக் கூடாது.

இதற்கு மறுபாதி ஒன்று இருக்கிறது, எங்கே போவது என்பது; அதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. ஒருமுறை திண்டிவனத்தைத் தாண்டிப் பேருந்து நின்றபோது, ஒரு தாய் தன் பையனைச் சக்கரத்து ஓரமாக நிறுத்தி டவுசரை இறக்கிவிட்டார். ஏறக்குறைய அதே வயதுள்ள அவர் மகள் ஜன்னலோர இருக்கையில் காலோடு கால் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் அடக்கிக்கோ கண்ணு, ஊர் வந்துடும்." தாயைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே கழிப்பறை இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளும் அன்று பாடம் கற்றார்கள். ஊரெல்லாம் தனக்கு இடம் என்று அவன் கற்றான். தனக்கு எங்குமே இடமில்லை என்று அவள் கற்றாள். கழிப்பறைக்குப் பயந்து பள்ளியில் தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகளும், கண்ட சுவரையெல்லாம் நனைக்கும் ஆண்களும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அதனால் எங்கள் வீட்டில், "ஆம்பளப் புள்ளதானே, ஓரமா விடு" என்பது கிடையாது. பயணத்தில் மூடியுள்ள, குழந்தைக்கான சிறு கழிப்புத் தொட்டி ஒன்று கூடவே வருகிறது. பெட்ரோல் பங்கில் கேட்டு, கழிப்பறைக்கு அவன் அப்பாவே அழைத்துப் போகிறார். முடிந்ததும் தண்ணீர் ஊற்றுவதும் கை கழுவுவதும் மகனின் வேலை. அடுத்து வருபவருக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். இரண்டரை வயதுக்கு அது புரியுமா என்று கேட்கிறார்கள். கை பழகட்டும், காரணம் பின்னால் புரியும். உடம்பைப் பற்றி வெட்கமில்லாமலும் பிறரைப் பற்றி அக்கறையோடும் ஒரு ஆண் வளர வேண்டும் என்றால், தொடங்க வேண்டிய வயது இதுதான்.