வயலெட்டாவின் மூச்சு

ஒரு பெண் சாவதைப் பார்த்து மகிழலாமா? நேராகக் கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஓபராவின் புகழ்பெற்ற படைப்புகள் பலவும் இந்த மகிழ்ச்சியை நம்பித்தான் நிற்கின்றன. கார்மென் குத்திக் கொல்லப்படுகிறாள். டோஸ்கா கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். மதாம் பட்டர்ஃபிளை தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறாள். திரை விழுந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1920இல் தொடங்கிய கோடை இசைவிழாவில், 2005ஆம் ஆண்டு வெர்டியின் ‘லா த்ராவியாத்தா’வை வில்லி டெக்கர் இயக்கினார். வயலெட்டாவாகப் பாடியவர் அன்னா நெட்ரெப்கோ. அதன் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய வெறுமையான மேடை. ஒரு சிவப்பு சோபா, ஒரு பெரிய கடிகாரம். சிவப்பு உடையில் ஒருத்தி. அவளைச் சுற்றிக் கறுப்புக் கோட்டு அணிந்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் நிற்கும் பாடகிகளுக்கும் ஆண் உடைதான். ஆணாதிக்கம் ஆண்களால் மட்டும் நடத்தப்படுவதில்லை என்பதை ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த உடை.

வயலெட்டா பாரிஸில் பணக்காரர்களின் தயவில் வாழ்பவள், காசநோயாளி. ஆல்ஃப்ரெடோவைக் காதலித்து அவனோடு ஊர்ப்புறத்தில் வாழத் தொடங்குகிறாள். அவன் தகப்பன் ஜெர்மோன் வருகிறார். என் மகளின் கல்யாணம் உன்னால் நின்றுவிடும், விலகிப்போ என்கிறார். விலகுகிறாள். தனக்காக ஒருத்தி தியாகம் செய்தாள் என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் ஜெர்மோன் மனம் வருந்தி வந்து நிற்கிறார். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருத்தத்துக்காக அவர் எதையும் இழக்கவில்லை.

1853இல் வெனிஸில் அரங்கேறியபோது, இது நம் காலத்துக் கதையாகவே தெரியவேண்டும் என்று வெர்டி விரும்பினார். அதிகாரிகள் ஒப்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு முந்தைய காலத்து உடைகளில் நடித்தார்கள். பார்ப்பவர்கள் மேடையில் தங்களைப் பார்த்துவிடக் கூடாது. அழலாம், ஆனால் அவளைச் சாகவிட்டவர்கள் வேறு யாரோ என்று நம்பி அழவேண்டும். அப்படிப்பட்ட கண்ணீர் ஜெர்மோனின் வருத்தத்தைப் போன்றதுதான்.

அப்படியானால் நான் எதை ரசிக்கிறேன்? கதைப்படி வயலெட்டாவின் நுரையீரல் சிதைந்துவிட்டது. ஆனால் அதைப் பாடுகிறவளோ, பல ஆண்டுப் பயிற்சியில் வசப்படுத்திய மூச்சால், ஒலிபெருக்கி இல்லாமல் 2,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கை நிரப்புகிறாள். கதை ஒரு பெண்ணின் மூச்சை நிறுத்துகிறது. அந்தக் கதையைச் சொல்லவோ இன்னொரு பெண்ணின் முழு மூச்சு தேவைப்படுகிறது. என் மகிழ்ச்சி இந்த இரண்டாவது பெண்ணிடமிருந்து வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அந்தச் சாவும் எனக்கு அழகாகவே இருக்கிறது. தியாகத்தை இவ்வளவு இனிமையாக்கித் தரும் இசை என்னையும் பழக்குகிறது.

மேடைக்குக் கீழே இன்னொரு கதை இருக்கிறது. அன்று வாசித்தது வியன்னா ஃபில்ஹார்மோனிக். 1842இல் தொடங்கிய இந்தக் குழு 1997 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ் 20 ஆண்டுகளுக்கு மேல் அவர்களோடு வாசித்தும் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேடைமேல் சாவதற்குப் பெண் வேண்டும். கீழே உட்கார்ந்து வாசிப்பதற்கு வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கேட்காமல் விட்டுவிடுவதுதானே அறம் என்று என் மாணவியர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதில் ஜெர்மோனின் குரலும் கேட்கிறது. மற்றப் பெண்களின் நலனுக்காக உன் இன்பத்தை விட்டுவிடு என்கிறது அது. மறுபடியும் விட்டுக்கொடுப்பவள் பெண். மறுபடியும் எதையும் இழக்காதது அந்த நிறுவனம். நான் என் அறையில் தனியாக ஒலியை நிறுத்தினால் வியன்னாவில் ஒரு நாற்காலிகூட அசையாது. 1997 பிப்ரவரியில் அந்தக் குழு கதவைத் திறந்தது, உள்நாட்டில் நெருக்கடி முற்றியதாலும், அடுத்து போகவிருந்த அமெரிக்கப் பயணத்தில் பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பு காத்திருந்ததாலும்தான். அப்படிப் போராடியவர்களில் இசைக் கலைஞர்கள் பலர். இசையை விட முடியாதவர்கள், அதனாலேயே அதில் தங்கள் இடத்தைக் கேட்டவர்கள். 2011இல் அல்பேனா டானைலோவா அந்தக் குழுவின் முதல் பெண் கான்சர்ட்மாஸ்டர் ஆனார்.

ஆகவே நான் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. அழுகை வந்தால் அழுவேன். அழுதுவிட்டதால் என் கணக்குத் தீர்ந்தது என்று மட்டும் நினைக்கமாட்டேன். நம் வீடுகளில் யாரோ ஒருவரின் கல்யாணத்துக்காக, கௌரவத்துக்காக ஒதுங்கிப் போகச் சொல்லப்படும் பெண்ணுக்குப் பின்னணி இசை கிடையாது. ஜெர்மோன் வாசலில் வந்து நிற்கும்போதே, அதாவது இரண்டாம் அங்கத்திலேயே, அவள் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். கடைசி அங்கத்தில் அழுவதற்கு ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள்.