மனச்சோர்வும் சைவாசிரியர் கடனும்

சைவாசிரியர்களே,

சரீரத்திற்கு நோய் வருதல்போல மனத்திற்கும் நோய் வரும். காய்ச்சல் கண்டவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் நம்மவருட் பலர், மனச்சோர்வு கண்டவனை நோக்கி, "இது உன் பழவினை, அநுபவித்தே தீரவேண்டும்" என்றும், "உனக்குப் பத்தி போதாது" என்றும் சொல்லி அமைகின்றனர். இக்கூற்றுச் சைவநெறிக்கு ஒவ்வாதது. உயிருக்குக் கேடு விளைப்பதுமாம். அதனை ஈண்டு எடுத்துக் கூறுவாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் தேதி காலையில் எழுந்த ஆழிப்பேரலையை இக்கரையோரத்தார் மறவார். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் அது சைவர் மனையென்றும் முஸ்லிம்கள் மனையென்றும் வேறுபாடு பார்த்திலது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். வீடுகள் மீளக் கட்டப்பட்டன. மனத்தில் நேர்ந்த இடிபாடோ பலரிடத்துக் கண்ணுக்குப் புலப்படாது நின்றது.

இறந்தோரை நினைந்து அழுதல் நோயன்று, அன்பின் இயல்பேயாம். பெரும்பாலோர்க்கு அத்துயர் காலஞ்செல்லத் தணியும். மனச்சோர்வு என்னும் நோயோ வேறு. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் நாடோறும் மனம் இருண்டு கிடத்தல், முன் விரும்பியவற்றில் விருப்பமின்மை, நித்திரையும் உணவும் குன்றுதல் அல்லது மிகுதல், ஓயாக் களைப்பு, தன்னைப் பயனற்றவனென்று எண்ணுதல், சாவை விரும்புதல் என்பன அதன் குறிகள். அலையிற் பிள்ளையின் கையை நழுவவிட்ட தாயொருத்தி, "நானே கொன்றேன்" என்று ஆண்டாண்டாகத் தன்னை ஒறுத்துக்கொள்வாளாயின், அவளுக்கு வேண்டுவது கண்டனமோ சிகிச்சையோ? வறுமை, தீராநோய், பிள்ளைப்பேறு, குடும்பவழி இயல்பு என்பனவும் இந்நோய்க்கு ஏதுவாம். வெளிப்படையான ஏது இன்றியும் இது வரும்.

வினையென்று சொல்லி வாளாவிருத்தல் தகுமோ எனின், தகாது. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, திருஞானசம்பந்தர் வினையென்று கூறி அப்பாற் போயினாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி நோய் தீர்த்தருளினார்.

திலகவதியார் சரிதத்தையும் நோக்குக. தந்தைதாயர் இறந்தனர், மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பியாராகிய மருணீக்கியார் ஊழென்று சொல்லி விலகினாரல்லர். அழுது இரந்து தடுத்தார். பின்னாளில் அத்தம்பியாரே சூலைநோயால் வருந்தி வந்தபோது, பரசமயம் புகுந்தமைபற்றிக் கடியாது, திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் அவ்வம்மையார். அன்று அவர் உயிர் துறந்திருப்பின் நமக்குத் திருநாவுக்கரசர் ஏது?

உளச்சிகிச்சை என்பது வெறும் புத்திமதியன்று. பயிற்சி பெற்றவர் நோயாளர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பர். கேட்டதை மறைவாகக் காப்பர். "நானே கொன்றேன்" என்னும் எண்ணத்தை எடுத்து, அப்பேரலைக்கு முன் ஒரு கை என்செய்ய வல்லது என்பதை நோயாளர் தாமே ஆராய்ந்து தெளியத் துணைபுரிவர். கைவிட்ட தொழில், வழிபாடு, அயலாரோடு உரையாடல் முதலியவற்றைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்குவிப்பர். இது பல வாரம் தொடர வேண்டுவது. நோய் கடுமையாயின் மருந்தும் வேண்டும். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாது இடையில் நிறுத்தலாகாது. திருநீறும் இடுக, மருந்தையும் விடற்க.

திருவள்ளுவர் நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நால்வகைப்படுத்தினார். அந்நான்காம் இடம் ஆசிரியர்க்கு உரியது. கலகலப்பாயிருந்த பிள்ளை மௌனமாயின், பாடத்திற் பின்னடையின், அடிக்கடி வாராதொழியின், பிரம்பை எடாது தனியே அழைத்து அன்போடு வினவுக. சாகும் எண்ணம் உண்டோ என்று நேரே கேட்டல் அவ்வெண்ணத்தை விதைப்பதாகாது. மனந்திறக்க வழி செய்யும். உண்டென்று அறிந்தால் அப்பிள்ளையைத் தனியே விடற்க. வீட்டாருக்கு அறிவித்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்க. அயலிலுள்ள முஸ்லிம் குடும்பத்தார்க்கும் இவற்றை எடுத்துரைக்க. மருத்துவம் நாடுதல் அவர்தம் மார்க்கத்துக்கும் உடன்பாடேயாம்.

ஓருயிரைத் துயரினின்று மீட்டல் சிவபுண்ணியம். அப்புண்ணியம் செய்யும் வாய்ப்பு நாடோறும் நம் வகுப்பறையில் வந்து அமர்ந்திருக்கின்றது. அதனைக் கண்டுகொள்வோமாக.

சிவமயம்.